நாடக விமர்சனத்தில் லைட் போட்டவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கல்லூரி நாடக விழா பற்றி வந்த விமர்சனத்தைப் படித்தேன். நல்ல விமர்சனம்தான். விமர்சகர் நடித்தவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார், எழுதியவரையும் இயக்கியவரையும் விடவில்லை. கடைசிக் காட்சியில் மேடை முழுக்க இருண்டு அந்த ஒரு முகம் மட்டும் தெரிந்த விதம் அற்புதம் என்று தனியாக ஒரு வரியும் எழுதியிருக்கிறார். சரி, அந்த முகத்தை மட்டும் தெரிய வைத்தது யார்? அந்த வரிக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, ஒரு பெயர் கூட இல்லை. என்னமோ மேடையே பார்த்து தானாக இருட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. அந்த நாடகத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, எங்கள் கல்லூரி நாடகமும் இல்லை, அதனால் சொந்தக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் படிக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவிலிருந்தே நடித்துக்கொண்டிருப்பவள், கல்லூரி நாடகக் குழுவிலும் நடிப்பதற்காகத்தான் சேர்ந்தேன். இந்த வருடம் எடுத்துக்கொண்ட நாடகத்தில் பெண் வேடம் ஒன்றே ஒன்று, அது சீனியர் அக்கா ஒருவருக்குப் போய்விட்டது (நியாயமாகத்தான் போனது, அவர் என்னைவிட நன்றாகச் செய்வார்). என்னிடம் சொன்னது, "நீ பேக்ஸ்டேஜ் பாத்துக்கம்மா." கல்லூரி நாடகக் குழுக்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், இதை யாரும் வேலை கொடுக்கிற தோரணையில் சொல்வதில்லை, ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொல்வார்கள். நடிப்புத் தேர்வில் தேறாதவர்கள், தாமதமாக வந்து சேர்ந்தவர்கள், நண்பனோடு சும்மா கூட வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேருகிற இடம் அது. அதிலும் பொம்பளைப் பிள்ளை என்றால் உடுப்பு, மேக்கப், ஊக்கு, அவ்வளவுதான். ஏணி, வயர், விளக்கு எல்லாம் பையன்கள் பக்கம். நான் லைட் பார்க்கிறேன் என்று கேட்டேன். "ஏணியில ஏறணுமே?" என்றார்கள். ஏறினால் போச்சு! துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நூறு வருடத்துக்கும் முன்னால் முழுக்கப் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அந்தக் கம்பெனியில் திரையை இழுத்தவர் யார், விளக்கைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று யாராவது எழுதி வைத்திருந்தால், "ஏறணுமே" என்று கேட்டவர்களிடம் அன்றைக்கே காட்டியிருப்பேன்.

எங்கள் கல்லூரியில் சொந்தமாக லைட் கிடையாது, மைக்செட்காரரிடம் வாடகைக்கு எடுத்தோம். விளக்குகளோடு ஒரு அண்ணன் வந்தார். திருவிழா மேடை, கட்சி மேடை, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் லைட் கட்டியவர். இயக்குநர் நாடகத்தின் கதையை உணர்ச்சியோடு விளக்கிக்கொண்டிருக்க, அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "15 ஆம்பியர் பிளக் எத்தன இருக்கு தம்பி?" என்பதுதான். மேடைக்குப் போடுகிற 1000 வாட் பார் (PAR) லைட் ஒன்று நம் 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு பிளக்கில் மூன்று வரை தாங்கும், நாலாவதை மாட்டினால் பாதிக் காட்சியில் ட்ரிப் ஆகிவிடும், அப்புறம் கதாநாயகன் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் இருட்டுக்குள்தான் பேச வேண்டும். பரீட்சைக்குப் படித்து மறந்த வாட், வோல்ட் கணக்கை ஏணியின் உச்சியில் உட்கார்ந்து மறுபடி போட்டேன்.

அதற்கப்புறம் அவரை நான் விடவில்லை. ஹாலஜன் பல்பை ஏன் துணியால் பிடித்துத்தான் மாட்ட வேண்டும் (விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்), விளக்கை நேர் மேலேயிருந்து அடித்தால் ஏன் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரிகிறது, முன்னாலிருந்து சாய்வாக இரண்டு பக்கமும் அடிக்கும்போது ஏன் முகம் முகமாக வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கட்டினார். எனக்கு ரொம்பப் பிடித்தது, நிறம் மாற்ற விளக்கு முன்னால் மாட்டுகிற ஜெலட்டின் பேப்பர் விஷயம். இரவுக் காட்சி என்றால் விளக்கைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். நீல ஜெலட்டின் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அதனால் இரவைக் காட்டத்தான் நிறைய விளக்கு வேண்டும், பகலுக்குக் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். அதே நீலத்தில் அக்கா கட்டியிருந்த சிவப்புப் புடவை சுத்தமாகக் கறுப்பாகிவிட்டது. கல்யாண வீட்டு ராத்திரிக் காட்சி அது, எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. உடுப்பு பார்த்த பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், யாரிடமோ கேட்டு ஒரு மஞ்சள் புடவை வாங்கி வந்தாள். மஞ்சளும் நீலத்தில் மங்கத்தான் செய்தது, ஆனால் அடியில் கொஞ்சம் வெள்ளை விளக்கு சேர்த்ததும் புடவையாவது புடவையாகத் தெரிந்தது.

நடிக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்லிவிடுகிறேன். மேடையில் நமக்கான வெளிச்சத்தில்தான் நிற்கிறோமா என்பதை முகத்தில் படுகிற சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எல்இடி விளக்கில் அந்தச் சூடு வராது. தரையில் யாரோ குனிந்து ஒட்டிவைத்த டேப்பை நம்பித்தான் நிற்க வேண்டும். அந்த "யாரோ"வை எனக்கு இப்போது பெயர் சொல்லித் தெரியும், விலங்கியல் இரண்டாம் வருடம்.

இதையெல்லாம் கட்டி முடிக்க எங்களுக்குக் கிடைத்த நேரத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அரங்கத்தின் பெயர் வேண்டாம், நிறைய ஊர்களில் இதே கதைதான் என்று மற்ற கல்லூரி நண்பர்களும் சொல்கிறார்கள். மதியத்திலிருந்து அரங்கம் எங்களுக்கு என்று பணம் கட்டியிருந்தோம். காலையில் நடந்த விழாவின் ஃபிளெக்ஸை அவிழ்த்து, பொன்னாடை, சந்தனக் கிண்ணம், மிச்ச மாலை எல்லாம் எடுத்து, சாப்பாட்டுப் பந்தி முடிந்து அவர்கள் கிளம்பும்போது சாயங்காலம் ஆகப் போகிறது. "ஆறு மணிக்குத்தானே நாடகம், இப்பவே என்ன அவசரம்" என்று கேட்டார் அரங்கப் பொறுப்பாளர். நாடகம் என்றால் திரை திறந்ததிலிருந்து மூடுகிற வரைதான் என்பது அவர் கணக்கு. அவரை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லை, போஸ்டரிலும் பேப்பரிலும் நாடகத்தை அப்படித்தானே காட்டுகிறோம்?

இப்போது ஒரு நடிகையாகப் பேசுகிறேன். என் கையில் இருந்த கியூ ஷீட்டில் முழு வசனம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வசனத்தின் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகள் மட்டும், பக்கத்தில் எந்த விளக்கு ஏற வேண்டும், எது இறங்க வேண்டும், எத்தனை எண்ணுவதற்குள் என்று இருக்கும். நடிக்கிறவர்கள் வசனத்தை நம்முடையது என்று நினைக்கிறோம், மனநிலையைப் பொறுத்துக் கொஞ்சம் கூட்டுவோம், குறைப்போம், கைதட்டல் வந்தால் அதே உற்சாகத்தில் சொந்தச் சரக்கையும் அவிழ்த்துவிடுவோம். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காக லைட் போர்டில் ஒருத்தி, சவுண்டில் ஒருவன், திரைக் கயிற்றில் ஒருவன், உள்ளே வரக் காத்திருக்கும் இன்னொரு நடிகன் என்று நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நாடகத்தன்று எங்கள் கதாநாயகன் (தங்கமான பையன், கோபித்துக்கொள்ள மாட்டான்) அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வெளியேறும் காட்சியில் எழுதிய வசனத்தை விட்டுவிட்டு வேறு எதையோ பேசினான். பிரமாதமாகப் பேசினான், கூட்டம் கைதட்டியது. ஆனால் என் தாளில் இருந்த "இனி வரமாட்டேன்" மட்டும் வரவே இல்லை. வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு அவன் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். குதிகாலைத் திருப்பினான். அந்த நொடியில் இறக்க ஆரம்பித்தேன். அவன் பக்கவாட்டுத் திரையைத் தாண்டும்போது அப்பாவின் முகத்தில் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இதை ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தக் காட்சிக்கு விழுந்த பாராட்டெல்லாம் அவனுக்குப் போனது, போகட்டும், அவன் நன்றாகத்தான் செய்தான். ஆனால் இனி நடிக்கும்போது காட்சியை முடிக்கிற வார்த்தையை நான் ஒருநாளும் மாற்ற மாட்டேன், நடுவில் என்ன விளையாடினாலும் சரி.

பொருட்கள் பார்த்தவன் வணிகவியல் மாணவன். மேடை ஏறச் சொன்னால் ஓடிவிடுவான். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, அதில் பழுப்புத் தாள் ஒட்டி, மூக்குக் கண்ணாடி, சொம்பு, டார்ச், மஞ்சள் பை, கடிதம் என்று ஒவ்வொன்றையும் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே பெயரும் எந்தக் காட்சி என்றும் எழுதிவிட்டான். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் இருட்டிலும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரண்டாம் காட்சி முடிந்து வந்த அப்பா வேடக்காரர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தபடியே உடை மாற்றப் போய்விட்டார். ஐந்தாம் காட்சியில் அதே கடிதத்தை மகள் எடுத்துப் படிக்க வேண்டும். நான் லைட் போர்டிலிருந்து காலிக் கட்டத்தைப் பார்த்துப் பதறுகிறேன், இவன் அலட்டிக்கொள்ளாமல் தன் பையிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்து வைத்தான். அதே மடிப்பு, ஓரத்தில் அதே டீக்கறை. "தொலைப்பாங்கனு தெரியும்" என்றான். எங்கள் அழைப்பிதழில் அவன் பெயர் கிடையாது. அதில் போட்டிருந்த விருந்தினர்கள் பட்டியலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அதில் சிலர் வரவே இல்லை.

இருட்டில் செட் மாற்றுவதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். கயிற்றுக் கட்டில் வெளியே போக வேண்டும், மேஜையும் இரண்டு நாற்காலியும் உள்ளே வர வேண்டும், சத்தம் கூடாது, இடித்துக்கொள்ளக் கூடாது. விடுதி வராந்தாவில் கண்ணை மூடிக்கொண்டு பழகினார்கள். தரையில் அடையாளத்துக்கு ரேடியம் ஸ்டிக்கர் வாங்கி வருகிறேன் என்று ஒருவன் கிளம்ப, லைட் அண்ணன் பிடித்து நிறுத்தினார். வண்டியில் ஒட்டுகிற ரகம் எதிரில் வெளிச்சம் பட்டால்தான் பளிச்சிடும், முழு இருட்டில் ஒன்றுக்கும் ஆகாது, வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் மினுங்குகிற ரகம் தனி. இதெல்லாம் எந்த நடிப்புப் பட்டறையிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தென் மாவட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் நடக்கும். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் இன்றைக்கும் நடக்கிறது. அந்த நாடக நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எல்லாருக்கும் போட்டோவோடு பெயர். அதோடு நிற்பதில்லை, ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், பபூன் தடுக்கி விழும்போது சரியாக டமால் என்று அடிக்கிற ஆல்ரவுண்டு யார் என்று பெயர் வரும். கோயில் நோட்டீஸ்களில் கடைசி வரியில் "ஒலி, ஒளி அமைப்பு" என்று மைக்செட்காரர் பெயரும் வரும். படிக்காத ஜனங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற கிராமத்து விழாக் கமிட்டிக்குத் தெரிகிற மரியாதை, பட்டப் படிப்பு படிக்கிற எங்கள் அழைப்பிதழிலும் இல்லை, மன்னிக்கவும், உங்கள் விமர்சனத்திலும் இல்லை.

நம் ஊர் ஜனங்கள் நடிப்பை மட்டும் பார்க்கப் போனவர்களும் இல்லை. நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபா, பிறகு ஆர்.எஸ். மனோகர் குழு, இவர்கள் நாடகத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் தாத்தா மனோகர் நாடகத்தில் யார் என்ன வேடம் என்பதைப் பாதி மறந்துவிட்டார், தந்திரக் காட்சிகளை மட்டும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். அந்தத் தந்திரத்தைச் செய்தவர் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கொல்கத்தாவில் 1959-ல் மினர்வா அரங்கில் வங்காள நாடக இயக்குநர் உத்பல் தத் போட்ட 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுவதை வெறும் ஒளியால் காட்டினார்கள். செய்தவர் தபஸ் சென் என்று இன்றைக்கு மதுரையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே யாரோ எழுதினார்கள். சங்கீத நாடக அகாதெமி ஒளியமைப்புக்கும் அரங்க அமைப்புக்கும் ஒப்பனைக்கும் விருது கொடுக்கிறது, தபஸ் சென்னும் அதை வாங்கியவர்தான். நான் போய் வந்த கல்லூரிப் போட்டிகளில் சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர், சிறந்த நகைச்சுவை என்று கோப்பைகள் வரிசையாக இருக்கும், லைட்டுக்கு ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. போட்டி நடத்துகிறவர்கள் "எல்லா அணிக்கும் ஒரே பொது வெளிச்சம்" என்று விதி போட்டுவிடுகிறார்கள், செலவுக்கு அது வசதி. அப்புறம் லைட்டைக் கற்றுக்கொள்ள ஆள் எங்கேயிருந்து வருவான்?

எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பின்னால் இருக்கிறவர்கள் வெளியே தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் அழகு என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. நாடகம் நடக்கும்போது தெரியக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன், லைட் மாறியது தெரிந்தால் அது மோசமான லைட். ஆனால் மறுநாள் பேப்பரில் தெரிந்தால் எந்த அழகு கெட்டுப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. சமையல்காரர் பந்தியில் வந்து நிற்க வேண்டாம், சாப்பாடு நன்றாக இருந்தால் யார் சமையல் என்று கேட்கத்தானே செய்கிறோம்?

உங்களிடம் நான் கேட்பது பெரிய இடம் இல்லை. விமர்சனத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரே ஒரு பத்தி: ஒளி, ஒலி, அரங்கப் பொருட்கள், உடை, ஒப்பனை, மேடை நிர்வாகம், அவரவர் பெயர். சினிமா விமர்சனத்தில் ஒளிப்பதிவாளர் பெயரையும் எடிட்டர் பெயரையும் நீங்களே போடுகிறீர்கள், அதே மரியாதைதான். பேப்பரில் பெயர் வருகிறது என்று தெரிந்தால் அழைப்பிதழ் அடிக்கிற எங்கள் ஆட்களும் சேர்ப்பார்கள், வீட்டில் "நீ நடிக்கலையா, அப்புறம் எதுக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் காலேஜ்ல இருக்க?" என்று கேட்கிற அம்மாக்களிடம் காட்டவும் ஒரு சான்று கிடைக்கும். என் அம்மா நாடகத்துக்கு வந்திருந்தார், முடிகிற வரை நான் எப்போது மேடைக்கு வருவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கல்லூரிக் குழுக்களுக்கும் ஒன்று, நடிக்கிறவர்கள் எல்லாரையும் படித்து முடிப்பதற்குள் ஒரு நாடகத்திலாவது பின்னால் வேலை பார்க்க வையுங்கள், இடம் இல்லாதவர்களை அனுப்புகிற மூலையாக அதை வைத்திருக்காதீர்கள்.

தை மாதம் எங்கள் அடுத்த நாடகம், ஒத்திகை ஆரம்பித்தாயிற்று. அதில் நான் நடிக்கிறேன், லைட்டுக்கு முதல் வருடத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், ஏணி ஏற யாரிடமும் கேட்கவில்லை. அழைப்பிதழ் உங்கள் அலுவலகத்துக்கு வரும், விமர்சகரை அவசியம் அனுப்பி வையுங்கள். எங்கள் நடிப்பைக் கிழித்து எழுதினாலும் பரவாயில்லை. பின்னால் வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலை நுழைவாயிலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம், இனிஷியலோடு.

இப்படிக்கு,
கல்லூரி நாடகக் குழு மாணவி,
மதுரை.